பச்சையம்மாள் கேட்ட பச்சை

தமிழும் தெலுங்கும் பேசுகிற குடிபாலாவில் கலைவாணியின் புதுவீடு கட்டி முடிந்திருந்தது. வண்ணம் அடிப்பது மட்டும்தான் பாக்கி.

கலைவாணியின் அம்மா பச்சையம்மாள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வாள். கலைவாணியும் அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா சந்திரனும் முன்கூட்டியே போய்ப் பெஞ்சில் இடம்பிடித்துக் காத்திருப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா நல்ல செய்தி சொன்னாள். இரண்டு மாத விடுமுறையில் அடுத்த வாரமே ஊருக்கு வருகிறாளாம். அதற்குள் முன்பக்கச் சுவருக்குப் பச்சை அடிக்கச் சொன்னாள்.

எந்தப் பச்சை என்று கலைவாணி கேட்டாள். கிளிப்பச்சையா? இல்லை. பாசிப்பச்சையா? அதுவும் இல்லை. அம்மாவுக்கும் பெயர் சொல்லத் தெரியவில்லை.

"நம்ம ஏரிக்குக் கீழ நாத்தங்கால் இருக்குதே, காலையில வெயில் பட்டா ஒரு பச்சையா இருக்கும் பாரு. அதுதான் கலை. நாலு நாள்ல நாத்தைப் பிடுங்கிடுவாங்க, அப்புறம் அந்தப் பச்சை போயிடும். சொவுத்துல அடிச்சா எப்பவும் இருக்குமில்ல? இங்க சன்னலைத் தெறந்தா மணல்தான் தெரியுது."

மறுநாள் பாகாலாவிலிருந்து பெயிண்டர் கங்கையா வந்தார். இவ்வளவு நீளமாக எப்படிச் சொல்வது என்று நைனா யோசித்தார். "பச்சை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனார். கலைவாணி பள்ளிக்கூடம் போனாள்.

மாலையில் திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முன்பக்கச் சுவரில் பாதி மஞ்சளாக இருந்தது. பூசணிப்பூ மஞ்சள்கூட இல்லை. கண்ணைக் கூசவைக்கிற மஞ்சள்.

பின்னாலேயே நைனாவும் வந்தார். பச்சை கேட்டால் மஞ்சள் அடித்திருக்கிறாயே என்று சத்தம் போட்டார். கங்கையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தெலுங்குக்காரர். தெலுங்கில் மஞ்சளையும் பச்சை என்பார்கள், இலை நிறத்தையும் பச்சை என்பார்கள். அவர் ஊரில் பச்சை என்று சொன்னால் முதலில் மஞ்சள்தான் நினைவுக்கு வருமாம்.

"இதுவும் பச்சதான். எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க" என்றார் கங்கையா.

பாகாலாவுக்குப் போய் யாரைக் கேட்பது? தெருவில் இருந்தவர்களைத்தான் கேட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள் நைனா பக்கம் பேசினார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் கங்கையா பக்கம் பேசினார்கள். இரண்டும் பேசுகிற மளிகைக்கடை ருக்மணி அக்கா, இரண்டு பேருமே சரிதான் என்றாள். அது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

வாங்கிய டிஸ்டெம்பர் வீண் என்றார் நைனா. கங்கையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போவதாகச் சொல்லி, பிரஷ்களைக் கழுவ ஆரம்பித்தார்.

கலைவாணி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வரும்போது வீடு பாதி மஞ்சளும் பாதி சிமெண்டுமாக நிற்குமா?

மறுநாள் காலையில் கங்கையா கிளம்புவதற்குள் ஏரிப்பக்கம் ஓடினாள். ஒரு பிடி நாற்றைப் பறித்துக்கொண்டு வந்து கங்கையாவிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். அவளும் பார்த்தாள். கையில் இருந்தபோது அது வெறும் புல் மாதிரி இருந்தது. வேரில் சேறு வேறு. அம்மா சொன்னது இது இல்லை.

"நீங்களே வந்து பாருங்க மாமா. இங்க கொண்டாந்தா அது வேற மாதிரி ஆயிடுது" என்றாள். "பார்த்துட்டு பஸ்ஸுக்குப் போங்க."

கங்கையா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நடந்தார். நைனாவும் பின்னால் வந்தார்.

ஏரிக்கரையில் ஏறியபோது வெயில் வயல்மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கீழே நாற்றங்கால் தெரிந்தது. காற்று வந்தபோது நாற்று மொத்தமும் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஒளி அதற்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது.

கங்கையா பையை இறக்கி வைத்துவிட்டு, குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். தலையை அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

"பாப்பா, இதுல உங்க பச்சையும் இருக்குது, எங்க பச்சையும் இருக்குது" என்றார்.

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கங்கையா மஞ்சள் டிஸ்டெம்பரில் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். சுவரில் ஒரு கோடு இழுத்துக் காய விட்டார். இது வாழையிலை என்றாள் கலைவாணி. இன்னும் மஞ்சள் சேர்த்தார். இது எலுமிச்சங்காய் என்றாள். அவளுக்கே சந்தேகம் வந்தபோதெல்லாம் ஏரிக்கரைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரின் ஓரம் முழுக்கக் கோடுகள் நிறைந்தன.

கடைசியாக ஒரு கோடு காய்ந்ததும் கலைவாணி தலையாட்டினாள். கங்கையா பெரிய பிரஷை எடுத்தார்.

அடுத்த வாரம் காலை வேளையில் அம்மா காரில் வந்து இறங்கினாள். கலைவாணியை இறுக்கக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

வெயில் அப்போதுதான் சுவர்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த வண்ணத்துக்கு என்ன பெயர் என்று எங்களுக்கும் தெரியாது என்றார் நைனா. அம்மா தான் கொண்டுவந்த பெட்டியைத் தெருவிலேயே சாய்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே வந்து சாப்பிடக் கூப்பிட்டார் நைனா.

"கலை, சோத்தை இங்கயே எடுத்துக்கினு வாம்மா" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் பார்த்துக்கினே துன்னலாம்."

கலைவாணி ஒரே தட்டில் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்து, பெட்டியில் அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.