அவர் பெயரில் வந்த அளவுகள்

அந்தப் பழைய வீட்டின் மாடிக்குக் குடிவந்ததும் தையல்காரி முதலில் பிரித்து வைத்தது தையல் மெஷினை. அவள் கணவர் பிரித்து வைத்தது பிரின்டரை. இருவரின் அறைகளுக்கும் நடுவே, பகலிலும் இருட்டாகக் கிடந்த நடையின் மூலையில் அதற்கு இடம் கிடைத்தது. அவருக்கு அலுவலகக் கணக்குகள் எடுக்க வேண்டும். அவளுக்குத் துணி வெட்டும் அளவுப் படங்கள். வீட்டு வைஃபையில் இரண்டு லேப்டாப்புக்கும் அது பொது.

மறுநாள் வாடிக்கைக்காரி ஒருத்தியின் சட்டைக்கான படத்தை அனுப்பினாள். தாள்கள் வந்தன. எடுத்துக்கொண்டு திரும்பிய பிறகும் பிரின்டர் நிற்கவில்லை. சுவரின் ஈர வாடைக்குள் மூச்சு வாங்குவதுபோல் தாளை இழுத்தது, தள்ளியது, மறுபடி இழுத்தது.

ஓரம் பொருத்தி ஒட்டிப் பார்த்தாள். நீண்ட கவுன். ஒடுங்கிய இடுப்பு, உயர்ந்த கழுத்து. அவளிடம் தைக்கக் கொடுத்தவர்களில் யாருக்கும் அந்த உடல்வாகு கிடையாது.

அவளுக்கும் கிடையாது.

அனுப்பியது யார் என்று பிரின்டரின் சின்னத் திரையில் பார்த்தாள். கணவரின் பெயர் இருந்தது.

"ஏங்க, யாருக்கு இந்த கவுன்?"

"எந்த கவுன்? எனக்கு அறுந்த பட்டனே தைக்கத் தெரியாது. நான் கவுனுக்குப் படம் போடறேனா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் துணியின் உள்பக்கத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவர் நடையில் உட்கார்ந்து ரவுட்டரை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றினார். இரண்டு லேப்டாப்பிலும் பிரின்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தார். சோதனைத் தாள் ஒழுங்காக வந்தது.

"பழைய வேலை ஏதோ உள்ள மாட்டிட்டிருந்திருக்கு. போயிடுச்சு, விடு."

அவள் விடவில்லை. அன்று அவர் போனை எடுத்து யாரோடு பேசினாலும் அவள் தையல் மெஷின் நின்றது.

அடுத்த நாள் அவர் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். வாசல் கதவு சாத்திய சத்தம் அடங்கவில்லை; நடையில் பிரின்டர் விழித்துக்கொண்டது.

கவுனின் கைகள் வந்தன.

அனுப்பியவர் பெயர், அப்போதும் அவருடையதுதான்.

வேறு யாராக இருந்தாலும் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே ஓடியிருப்பார்கள். அவளுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. இந்த வீட்டுக்குள்ளிருந்து, அவர் பெயரை உரிமையாக எடுத்துப் போட்டுக்கொள்ள ஒருத்தி யார்? தோளையும் இடுப்பையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள். தைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தனக்கென்று எடுத்து வைத்திருந்த நீலத் துணியை வெட்டினாள்.

இரண்டு நாளாகச் சாப்பாட்டைக்கூட மறந்து தைத்தாள். அவள் போட்டுப் பார்த்தபோது கவுன் தோளைத் தாண்டி இறங்க மறுத்தது. தையல் பொம்மையின் இடுப்பை எவ்வளவு குறுக்கியும் கவுனின் பின்பக்கம் மூடவில்லை. ஆனாலும் அழகாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொம்மையிலேயே விட்டுவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கணவர் அலுவலகத்திலிருந்து வந்து தன் அறையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் புது மாப்பிள்ளையின் சிரிப்பு.

"நீலம் உனக்கு இவ்வளவு எடுப்பா இருக்கும்னு தெரியாமப் போச்சே."

துணிக்குவியலோடு அப்படியே நின்றாள். "எப்போ பாத்தீங்க?"

"இப்பதான். பின்னாடி வந்து தோள்ல கை வெச்சியே. திரும்பறதுக்குள்ள நடைப் பக்கம் போயிட்ட. முந்தானை மாதிரி பறந்துது அந்த நீலம்..." அவர் தோளைத் தடவிக்கொண்டார். "ஆமா, கை ஏன் அவ்வளவு சில்லுனு இருந்துச்சு?"

"நான் மொட்டைமாடில இருந்தேன்."

அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது.

இருவரும் அவள் அறைக்குப் போனார்கள். கவுன் பொம்மையில்தான் இருந்தது. அவள் கவுனின் அக்குள் பக்கத்தில் விரலை வைத்தாள்.

ஈரம்.

மனித வியர்வையின் வாடை. அவளுடையதல்ல.

அன்றைக்கே கவுனைத் தையல் தையலாகப் பிரித்து எரித்தாள். பிரின்டரை உடைத்துக் குப்பையில் போட்டார் கணவர். மாதம் முடிவதற்குள் ஊரின் மறுகோடியில், வெயில் விழும் ஒரு புது வீட்டுக்கு மாறினார்கள். அந்தக் கவுனைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தனியாக இருக்கும்போது அவர் கை அந்தத் தோளுக்குப் போவதை அவள் பலமுறை பார்த்துவிட்டாள்.

புது பிரின்டர் வந்தது. இந்த முறை வைஃபையே வேண்டாம் என்று அவள் லேப்டாப்பில் கேபிளைச் செருகினார். ரவிக்கை ஒன்றின் அளவுப் படம். எல்லாத் தாளும் சரியாக வந்தது. அவள் கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, நிம்மதியாகக் கத்தரியைத் தேடினாள்.

பின்னால் பிரின்டர் தாள் இழுத்தது.

அவர் குனிந்து எடுத்தார். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சட்டையின் அளவுப் படம். விரல் நீளத்துக்குக் கை. கழுத்துக்கு ஒரு சின்ன வட்டம்.

"பிறந்த குழந்தைக்கு மாதிரி இருக்கு," என்றார்.

அவர் குரலில் பயம் இல்லை. தாளைக் கசங்காமல் பிடித்திருந்தார். மறு கை, அந்தச் சில்லென்ற கை பட்ட தோள்மேல் இருந்தது.