மூன்று தட்டலுக்கு இரண்டு பதில்

பம்ப் ரூம் சாவியை என் கையில் கொடுக்கும்போது தண்ணீர்ச் சங்கத் தலைவர் பொன்னையா அண்ணன் வேறொன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னார்.

“ஜூட்சன் மாதிரி பாத்துக்கங்க, தனுஷன்.”

முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. செத்து இரண்டு வருஷமான ஆளுக்கு இன்னும் என்ன பேர்? அதுவும் யாரிடம் சொல்கிறார்? ஜூட்சன் விட்டுப்போன வேலைக்கு வந்தவன் மட்டுமல்ல, அவன் விட்டுப்போன மனைவியை ஆறு மாதத்துக்கு முன் கட்டிக்கொண்டவனும் நான்தான்.

பொகவந்தலாவையில் பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மணி நேரம் ஏறினால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் வரும். லயத்துக்குக் கீழே, தேயிலை முடிகிற பள்ளத்தில், ஓடைக்கரையில் பம்ப் ரூம். பகல் இரண்டு மணிக்கே அங்கே மூடுபனி இறங்கிவிடும். கதவைத் திறந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறும். போனில் சிக்னல் கிடையாது. இடையில் இந்த வேலைக்கு வந்த மூன்று பேரும் மாதக்கணக்கில்கூட நிற்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

வேலை கஷ்டமில்லை. பெரிய பம்ப் ஓடைத் தண்ணீரை இரும்புக் குழாயில் மேலே தொட்டிக்குத் தள்ளும். அந்த வேகத்தில் ஏறும் தண்ணீர் எதையும் உள்ளே விடாது, வெளியேதான் தள்ளப் பார்க்கும். அதைவிடப் பலமாகத் தள்ளி, குழாயில் திருகியிருக்கும் பித்தளை மூக்கு வழியாகக் குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்த ஒரு சின்ன மிசின் இருந்தது. நிமிஷத்துக்கு நாற்பது முறை டிக், டிக் என்று அடிக்கும். லயத்தில் அதற்குப் பெயர் மருந்து மிசின். அதைப் பார்ப்பவன் மருந்துக்காரன்.

எங்கள் பக்கம் புல்லுக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பெண்ணை மயக்கச் சோற்றில் வைப்பதும் மருந்து. மருந்துக்கார ஜூட்சன் மருந்து வைத்துத்தான் டிலுக்ஷியைக் கட்டினான் என்று ஊரே கேலி பேசும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் சேர்ந்து சிரித்தவன்தான். கட்டிய பிறகு சிரிப்பு வரவில்லை. டிலுக்ஷி என்னை மரியாதையாக நடத்தினாள். மரியாதை மட்டும்தான்.

பம்ப் ரூம் சுவரில் ஜூட்சன் நீலப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தான்: முதலில் வால்வை மூடு. பிறகு மூக்கைக் கழற்று. மழைக்காலத்தில் ஓடைப் பாசியில் வழுக்கி விழுந்து செத்தவன் எனக்குப் புத்தி சொல்கிறானா? இரண்டாம் நாளே அதன்மேல் சுண்ணாம்பு அடித்தேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் வீட்டுக்கு ஏறி வந்தபோது டிலுக்ஷி வாசலில் நின்றாள். கையில் சூடாகத் தேத்தண்ணி. முகத்தில், ஆறு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

ஒரு வாய் குடித்ததும் நெஞ்சு எரிந்தது.

“இஞ்சியா?”

“ஐயோ, மறந்துட்டேங்க. அது அவருக்குப் பிடிக்கும். உங்களுக்கு இஞ்சி ஆகாதுல்ல.” கிளாஸை வாங்கி வெளியே ஊற்றிவிட்டு வேறு தேத்தண்ணி போட்டாள்.

“நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா கேக்காதீங்க. நீங்கதானே தட்டுனீங்க.”

அவளே வெட்கத்தோடு விளக்கினாள். பம்பை நிறுத்திய பிறகு குழாய் தண்ணீரோடு அப்படியே நிற்கும். கீழே இரும்பில் தட்டினால் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துப் பைப்பில் கேட்கும். வேலை முடிந்ததும் ஜூட்சன் ஸ்பேனரால் மூன்று தட்டுவானாம், வாறேன் என்று. இவள் அகப்பையால் இரண்டு தட்டுவாளாம், வாங்க என்று.

“நீங்களும் அதையே பழகிக்கிட்டீங்களேன்னு... மனசு நெறஞ்சு போச்சுங்க.”

நான் தட்டவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தச் சிரிப்பு யாருக்குப் போகும்? ஆமா என்று தலையாட்டினேன். அன்றிரவு முதல்முறையாக அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மூன்றரை மணிக்குப் பம்பை நிறுத்தினேன். மருந்து மிசினும் நின்றது. ஓடைச் சத்தம்கூடப் பனிக்குள் அமுங்கிக் கிடந்தது. ஸ்பேனர் சுவரில் ஆணியில் தொங்கியது. நான் குழாயிலிருந்து நாலடி தள்ளி நின்றேன்.

டொங்.

டொங்.

டொங்.

ஆணியில் ஸ்பேனர் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஓடலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினேன். அப்போது மேலேயிருந்து, மலைச்சரிவு முழுக்க இறங்கி வந்து, இரண்டு தட்டல் கேட்டது.

வாங்க.

அதற்குமேல் எனக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. என் பெண்டாட்டி வாங்க என்று கூப்பிடுகிறாள், கூப்பிடுவது என்னை அல்ல.

இரண்டு வாரம் அந்தப் பொய்யில் வாழ்ந்தேன். மூன்று தட்டல் விழுந்தால் நான் ஏறிப் போக வேண்டும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. செத்தவன் மணியடிக்க, உயிரோடு இருக்கிற நான் வீட்டுக்குப் போனேன். டிலுக்ஷி சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு உள்ளே புகைந்தது.

ஒருநாள் நான் முந்திக்கொண்டேன். பம்ப் நின்றதும் ஸ்பேனரை எடுத்து மூன்று தட்டினேன். மேலேயிருந்து இரண்டு வந்தது. இது எனக்கு, எனக்கே எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது என் கைக்குப் பக்கத்தில், அவசரமே இல்லாமல், மூன்று.

மேலேயிருந்து மறுபடியும் இரண்டு.

அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சத்தம் அந்தப் பித்தளை மூக்கிலிருந்துதான் வருகிறது என்று எனக்குப் பட்டது. அதைக் கழற்றி, ரப்பர் வைத்து அடைத்துக் குழாயை ஊமையாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மேலேயிருந்து தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வால்வை மூடினேன். இனிமேல் திரும்பாது என்னும்வரை இறுக்கி மூடினேன். யார் என்ன சொன்னாலும் சரி, மூடியது இந்தக் கைதான்.

மூக்கில் ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது சுற்று. குளோரின் வாடைக்கு நடுவில் இன்னொரு வாசம் வந்தது.

இஞ்சி.

என் பிடரிக்குப் பின்னால், யாரோ தேத்தண்ணி குடித்த வாயோடு நிற்கிற மாதிரி.

மூன்றாவது சுற்றில் மூக்கு தெறித்தது. மலை உயரத் தண்ணீரின் பாரம் மொத்தமும் மருந்தோடு என் முகத்தில் அடித்தது. வலது கண்ணில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கீழே விழுந்தபடி இடது கண்ணால் சுவரைப் பார்த்தேன். தண்ணீர் அடித்த வேகத்தில் சுண்ணாம்பு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. நீல எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலில் வால்வை மூடு.

வந்து தூக்கிய பொன்னையா அண்ணன் வால்வைப் பார்த்திருக்கிறார். அது முழுசாகத் திறந்து கிடந்ததாம்.

வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டிலுக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். “மூடலையாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“மூடுனேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு சங்கம் அந்தப் பம்ப் ரூமைப் பூட்டியது. வேறு ஓடையிலிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பழைய இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து லொறியில் ஏற்றினார்கள். கடைசித் துண்டு ஏறும்வரை நான் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டுப் பின்னால் பழைய பைப் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அடியில் எதுவும் இல்லை, மண்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். டிலுக்ஷி எனக்கு மட்டுந்தான் என்று நினைத்தேன்.

நேற்று பின்வாசல் படியில் உட்கார்ந்து இருவரும் கறிக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பனி முற்றம் வரைக்கும் வந்திருந்தது. மணி மூன்றரை இருக்கும்.

டொங்.

டொங்.

டொங்.

டிலுக்ஷி முதலில் பைப்பைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் கத்தி, ஒன்றில் போஞ்சி. அப்புறம் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அத்தனை நாளும் தட்டியது யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“டிலுக்ஷி, அது ஒண்ணுமில்ல. உள்ள வா.”

அவள் எழுந்து போய் அகப்பையை எடுத்து வந்தாள். பைப்பின்மேல் இரண்டு தட்டினாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது.

எனக்கு இஞ்சி ஆகாது.