உள்பக்கம் கிடந்த கயிறு

கயிறு அறுந்திருக்கவில்லை. யாரோ அவிழ்த்திருந்தார்கள்.

ஓடையின் வாயை மறித்து பாருல் கட்டியிருந்த வலை ஒரு பக்கம் தளர்ந்து தண்ணீரில் கிடந்தது. அதைப் பிடித்திருந்த கயிறோ வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் சுருட்டப்பட்டு, ஓடையின் உள்பக்கச் சேற்றில் துருத்தி நிற்கும் வேர்முளைகளின் மேல் இருந்தது. மீன் பிடிக்கிறவர்கள் கயிற்றை இப்படிச் சுருட்டுவதில்லை. படகு மூலையில் குவித்துப் போடுவதோடு சரி. கப்பலில் வேலை பார்த்தவன்தான் இப்படிச் சுருட்டுவான்.

ஊரில் கப்பலில் வேலை பார்த்தவன் ஒருவன்தான். அவளுடைய கொழுந்தன் பரிமல்.

ஷேலா ஆற்றில் எண்ணெய்க் கப்பல் மூழ்கியதிலிருந்து எதைத் தொட்டாலும் கறுப்பு. சோற்றில் அந்த வாடை, குழந்தை தலையில் அந்த வாடை. நண்டுகள் கறுப்பாகச் செத்து ஒதுங்கின. கப்பல் ஆட்களில் இரண்டு பேர், அதில் ஒருவன் சின்னப் பையன், இன்னும் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பாருலுக்கு வேறு கவலை. ஆற்று டால்பினை அங்கே சுசுக் என்பார்கள். அது மூச்சுவிடும் சத்தத்தை வைத்து வந்த பெயர். ஒரு தாய் சுசுக்கும் அதன் குட்டியும் இந்த ஓடையில்தான் வளைய வந்துகொண்டிருந்தன. குட்டி அடிக்கடி மேலே வந்து மூச்செடுக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் எப்படி எடுக்கும்? அதனால்தான் பழைய வலையில் சணல் சாக்கைக் கோர்த்து ஓடை வாயில் கட்டிவிட்டு, படகிலேயே காவல் இருந்தாள். இன்று காலையில் கொஞ்சம் பொரி எடுத்து வர வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் இந்த வேலை நடந்திருந்தது.

வலையை இழுத்து மறுபடி கட்டினாள். மூடுபனி ஆற்றின்மேல் ஈரத்துணி மாதிரி கிடந்தது. வெயில் வரவே இல்லை. உள்ளே எங்கோ ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அதை ஒட்டி ஒரு குட்டி மூச்சு.

உயிரோடுதான் இருக்கின்றன. அவளுக்குக் கண் கலங்கியது. படகுப் பலகையை இரண்டு தட்டு தட்டினாள். சுசுக் சத்தம் கேட்டால் அப்படித் தட்டுவது அந்த ஆற்று வழக்கம். இங்கே படகு இருக்கிறது, வந்து மாட்டிக்கொள்ளாதே என்று அர்த்தம். தட்டினால் அது விலகிப் போகும்.

இந்த நாலைந்து நாளாக அவை விலகவில்லை. தட்டத் தட்ட நெருங்கி வந்தன. தன்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று பாருல் சந்தோஷப்பட்டாள்.

பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் வந்தது. பரிமல். முழங்கைவரை எண்ணெய்க் கறுப்பு. படகு நிறைய டின்கள்.

"என்ன அண்ணி, காவல் பலமா இருக்கு? சம்பளம் என்ன தர்றாங்க, மீன் தலையா?"

"சிரிக்காத. கயித்த ஏன்டா அவுத்த?"

"எந்தக் கயிறு?"

"நடிக்காதடா. உள்ள எண்ணெய் போனா தேங்கி நிக்கும், நீ நோகாம டின்னுல அள்ளி வித்துக்கலாம். அதுக்குத்தானே?"

பரிமல் துடுப்பை நிறுத்தினான். "எங்க இருந்துச்சு கயிறு?"

"உள்பக்கம். அழகா சுருட்டி வச்சிருக்க, கப்பல்காரன் மாதிரி."

"நான் வெளிய நிக்கிறேன். உள்பக்கம் எப்படி வைப்பேன்? வலை மேல ஏறி குதிச்சா?" அவன் சேற்றைப் பார்த்தான். அங்கே காலடி எதுவும் இல்லை. குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல. அந்த சுசுக் ரெண்டும் செத்துருச்சு. கீழ வளைவுல ஒதுங்கிக் கிடக்கு. உடம்பு பூரா எண்ணெய். கப்பல் முங்குன அன்னிக்கே செத்திருக்கணும், அழுகிப் போச்சு. வாங்க, காட்டுறேன்."

"இப்பதான்டா மூச்சு கேட்டேன்."

"வேற ஏதாவது இருக்கும்."

"நான் அங்க வரணும், உன் ஆளுங்க இங்க வந்து வலைய அவுக்கணும். நல்லா இருக்கு கதை. போடா."

அவன் படகைத் திருப்பினான். "இருங்க, காட்டிலாகா ஆளக் கூட்டியாறேன். படகுலயே இருங்க. தண்ணில கை வைக்காதீங்க."

போய்விட்டான். துடுப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து பனிக்குள் அடங்கியது. அவன் ஆளும் இல்லை, அவனும் இல்லை. கடல் ஓதம் ஏற ஆரம்பித்து வேர்முளைகளை ஒவ்வொன்றாக மூடியது.

உள்ளே மூச்சு.

நீண்டது ஒன்று. குட்டியாக ஒன்று.

அவன் பொய்தான் சொல்கிறான் என்று நினைத்து அவள் பலகையைத் தட்டினாள். இரண்டு தட்டு.

மூச்சு நெருங்கியது. இவ்வளவு பக்கத்தில் அவள் கேட்டதே இல்லை. சுசுக்கின் மூச்சு விருட்டென்று வெடித்து முடிந்துவிடும். இது முடியவில்லை. இழுத்தது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு, கொழகொழத்து, இழுத்தது. மீன் வாடை இல்லை. எண்ணெய் வாடை.

சுசுக் இருந்தால் தண்ணீர் வளையம் போடும். தண்ணீர் அசையவில்லை.

வலை அசைந்தது.

உள்பக்கத்திலிருந்து. முடிச்சு இருந்த இடத்தில். கறுப்பாக ஏதோ மேலே வந்தது. வேர்முளை என்று நினைத்தாள். வேர்முளை மடங்காது.

விரல்கள். ஐந்து.

அவசரமே இல்லாமல் முடிச்சைத் தேடின. கண்டுபிடித்தன. ஒரு பிரியை நெகிழ்த்தின. அவிழ்ந்த கயிற்றை வட்டமாகச் சுருட்ட ஆரம்பித்தன.

துடுப்பை எட்டிப் பிடித்தாள். நீண்ட மூச்சு வலைக்குப் பக்கத்தில் கேட்டது.

குட்டி மூச்சைக் காணோம்.

காலுக்கடியில், படகின் அடிப்பலகையில், யாரோ தட்டினார்கள்.

இரண்டு தட்டு.