கோட்டுக்கு மேலே தண்ணீர்

படத்தில் தண்ணீர் கூடியிருந்தது.

விஜயகலா போனைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அரநாயக்க மலையடியில் இருந்த தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான அவர்கள் லயத்துக்கு மழை அளக்கும் போத்தலைப் பார்க்கிறவள் அவள்தான். பொழுது சாயும்போது அதைப் படம் பிடித்துத் தோட்டத்துப் பேஸ்புக் பக்கத்தில் போடுவாள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மலை சரியும் ஆபத்து; சனம் ஆற்றுக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அந்தப் பேஸ்புக் பக்கம் ஒருமுறை முடங்கிப் போனதால், கேகாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி சுஜன் பொட் என்று ஒரு தானியங்கி நிரல் செய்து கொடுத்திருந்தான். அவள் போடுவதையெல்லாம் அது தானாகவே பிரதியெடுத்து, ஆளாளுக்கு ஒரு சேர்வர் வைத்து நடத்தும் இன்னொரு தளத்திலும் போட்டுவிடும்.

இன்று தண்ணீர் உண்மையில் கோட்டுக்கு மேலேதான் நின்றது. ஆனால் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. நாளை கரகம் எடுக்கப் போகிறவன் அவள் புருஷன் ஏழுமலை.

"காப்புக் கட்டிட்டு எல்லை தாண்டிப் படுத்தா அம்மா சும்மா விடுவாளா? போன தடவையும் சனத்த ஓட வச்ச, ஒரு கல்லுகூட உருளல. கொஞ்சம் கீழ ஊத்திட்டு எடு புள்ள" என்று சொல்லிவிட்டு, லயத்துக்குக் கீழே இருந்த கோயிலுக்குப் போனான்.

மலை சரிந்தால் நாலு நாள் அழுகை, சரியாவிட்டால் வருஷம் முழுக்கக் கேலி. அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது. கோட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஊற்றிவிட்டுப் படம் பிடித்தாள். பேஸ்புக்கில் அது அப்படியே இருந்தது. பொட் போட்ட பிரதியில் மட்டும் ஊற்றிய தண்ணீர் திரும்பி வந்திருந்தது.

தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்தது. கோயில் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் ஏறி ஏறி வந்தது. பின்சுவரிலிருந்து ஈரமண்ணும் புளித்த ரப்பர்ப் பாலும் கலந்த ஒரு வாடை அறைக்குள் பரவியது. அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சுஜனைக் கூப்பிட்டாள்.

"அதுக்கு சொந்த புத்தி கிடையாதுக்கா. நீங்க போட்டதத்தான் போடும்."

"அழிச்சிருடா."

"நம்ம இடத்துல அழிக்கலாம். மத்த சேர்வருக்குப் போனது போனதுதான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. பொட் ஒரு புதுப் படம் போட்டிருந்தது. அவள் எதையும் போடவில்லை.

மலை மேட்டிலிருந்து எடுத்த படம். தூரத்தில் லயத்துக் கூரைகள்.

இன்னொன்று. அவள் வீட்டுப் பின்சுவர், பக்கத்தில்.

இன்னொன்று. காய்ச்சலோடு தூங்கும் மகள் சசி. சுவர்ப் பக்கமிருந்து எடுத்தது. கட்டிலோ சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே ஒரு கைகூட நுழையாது.

பிள்ளையை வாரித் தூக்கினாள். வாசலுக்கு ஓடினாள்.

"ஏங்க! ஓடியாங்க! நான் தண்ணிய ஊத்திட்டேங்க! எல்லாரையும் கூட்டிட்டு ஓடுங்க!"

தப்புச் சத்தம் அவள் குரலை விழுங்கியது. கீழே கோயில் வாசலில், கலர் பல்பு வெளிச்சத்தில் தோட்டமே கூடியிருந்தது. அவள் படத்தை நம்பி வந்த சனம். ஏழுமலை மட்டும் நிமிர்ந்து பார்த்தான். என்ன என்று கேட்பதுபோலக் கையை உயர்த்தினான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

போன் அதிர்ந்தது.

அதே உயர்த்திய கை. அதே காப்பு.

கோயில் இல்லை. சனம் இல்லை. மண்ணுக்கு மேலே அந்தக் கை மட்டும்.