குப்பம்மாளின் அம்மா

கல்லில் இடறி முழங்கால் கிழிந்தும் குப்பம்மாள் அழவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நொண்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது காயத்தில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது.

அடுப்படியிலிருந்து மணியம்மை எழுந்துபோய் அம்மியைத் தொட்டுப் பார்த்தாள்; காய்ந்திருந்தது. வீட்டில் மஞ்சள் அரைத்தவர் யாருமில்லை.

மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தபின் பிறந்தவள் இவள். பிறந்த அன்றே நாத்தனார் கன்னியம்மாள் குழந்தையைக் கொல்லைக் குப்பைமேட்டில் போட்டாள். ஒரு படி தவிடு கொடுத்து மணியம்மை வாங்கிக்கொண்டாள். வேண்டாத பிள்ளை என்று எமன் நம்பவேண்டும். ஐந்து வயதில், ஆடிக் கிருத்திகையன்று மலைமேல் முடி இறக்கும்வரை கொஞ்சக்கூடாது, மடியில் வைக்கக்கூடாது, பால் கொடுக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒருமுறை அழுது அழுது குழந்தைக்கு மூச்சுமுட்டியபோது அவள் கை தானாக நீண்டது. கன்னியம்மாள் தட்டிவிட்டாள்.

"கொஞ்சிக் கொஞ்சித்தான் மூணத்தயும் முழுங்கின. இதையாச்சும் வுட்டு வையேன்."

இரண்டு வயதில் குழந்தை அழுவதை நிறுத்தியது. நல்ல பிள்ளை என்று தெரு மெச்சியது. மணியம்மையும் அதை நம்பினாள். அந்த நம்பிக்கைக்காகப் பிறகு ஆயுள் முழுக்கத் தன்னையே சபித்தாள்.

கிருத்திகைக்கு இன்னும் நான்கு நாள். யுத்தத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் எந்த வீட்டிலும் விளக்கு எரியாத அந்தியில், மலையிலிருந்து இறங்கிய மணியோசையும் ஓய்ந்த பிறகு, சாணமும் அழுகிய வாழைமட்டையும் நாறும் கொல்லைக் காற்றில் தாய்ப்பாலின் புளித்த வாசனை மெல்லக் கலந்து வந்தது. குப்பம்மாள் உள்ளே வந்தாள். தலை எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது.

"யாருடி பின்னினது?"

"எங்க அம்மா."

"நான்தான்டி உங்க அம்மா."

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"இல்லீங்க. கொல்லையில கீறாங்களே, அவங்க."

சொல்லிவிட்டு மறுபடி வெளியே ஓடியது. பின்னால் எழுந்தவளைக் கன்னியம்மாள் வாசற்படியில் மறித்து, நாலு நாள் பொறுக்கமாட்டாயா என்றாள்.

"உன் எமன் வாயில மண்ணு விழ. வழி வுடு."

பிடித்துத் தள்ளினாள். தாண்டினாள்.

கொல்லை. இருட்டு. தாலாட்டு.

மணியம்மையின் குரல். ஐந்து வருஷம் தொண்டைக்குள் அடக்கிவைத்த பாட்டு.

குப்பைமேட்டில் ஒருத்தி. மடியில் குப்பம்மாள்.

மணியம்மை கைகளை நீட்டினாள். "வாடி கண்ணு."

குழந்தை வரவில்லை. மற்றவளின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது.

மற்றவள் நிமிர்ந்தாள். மணியம்மையின் முகம். முத்தமிட்டு முத்தமிட்டு உதடு கன்றிய முகம்.

குப்பை நெகிழ்ந்தது. மற்றவளும் குழந்தையும் அதற்குள் இறங்கினார்கள். இடுப்புவரை. மார்புவரை.

அந்தக் கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.