ஆளுக்கொரு பிடி

இந்தக் கதையில் ஒரு துப்பாக்கி வருகிறது. துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். இது காற்றில் வேலை செய்கிற ஏர் பிஸ்டல். மிளகு அளவு குண்டு ஒன்று போய், பத்து மீட்டர் தள்ளி மாட்டியிருக்கும் காகித அட்டையில் ஓட்டை போடும். அவ்வளவுதான் அதன் வீரம். விளையாட்டு டீச்சர் பிரகதாம்பாள் பக்கத்தில் நிற்காமல் அதை யாரும் தொடக்கூட முடியாது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. பழைய மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. குழல் நல்ல குழல்தான். பிடி இருக்கிறதே, அதுதான் மட்டமான பிளாஸ்டிக். உள்ளே வெறும் கூடு, வெளியே நனைந்த சோப்பு மாதிரி வழவழப்பு. உள்ளங்கை லேசாக வியர்த்தால் போதும், கை ஒரு பக்கமும் குறி ஒரு பக்கமும் போகும்.

ஏழாம் வகுப்புக் குந்தவையும் அவளுடைய உயிர்த்தோழி செம்மொழியும் அந்த ஒரே பிஸ்டலில்தான் மாற்றி மாற்றிப் பழகினார்கள். வருகிற சனிக்கிழமை தஞ்சாவூரில் மண்டலப் போட்டி. முதல் எட்டுப் பேர் சென்னைக்குப் போகலாம். பத்துக் குண்டுக்கு நூறு மதிப்பெண். இவர்கள் இருவரும் எழுபதைத் தாண்டுவதற்கே முக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாம மோசம் இல்லடி. பிடிதான் மோசம்" என்றாள் குந்தவை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று செம்மொழி சிரித்தாள்.

குந்தவைக்கு ரோஷம் வந்துவிட்டது. டீச்சரிடம் போய், பிடியைத் தான் சரிசெய்து தருவதாகக் கேட்டாள். டீச்சர் யோசித்தார். பிறகு திருகாணியைக் கழற்றி, பிடியின் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை மட்டும் கையில் கொடுத்தார். பிஸ்டல் பீரோவை விட்டு நகராது என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

கூடாக இருப்பதால்தானே கையில் நிற்க மாட்டேன் என்கிறது, உள்ளே எதையாவது அடைத்தால் கனம் வரும் என்று குந்தவை கணக்குப் போட்டாள். வீட்டுக் கூடத்தில் சாக்கு மூட்டை ஒன்று இருந்தது. அதிலிருந்து நெல்லை அள்ளி, தகடுகளுக்குள் திணித்து, டேப் ஒட்டினாள். நெல் கொஞ்சம் ஈரமாக இருந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் யாருக்குத்தான் அதெல்லாம் கண்ணில் படும்?

புதன்கிழமை பயிற்சிக்குப் பிஸ்டலை எடுத்த செம்மொழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குந்தவை, இதுக்கு வேர் விட்டிருக்கு" என்றாள்.

டேப் இடுக்கில் வெள்ளை வெளேரென்று முளை எட்டிப் பார்த்தது. அது அடுத்த போகமான தாளடிக்கு நாற்று விட அப்பா நாகநாதன் ஊறவைத்துக் கட்டியிருந்த விதைநெல். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வீட்டில் அப்பாவோ, விதைநெல்லுக்கும் சாப்பாட்டு நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாத பெண்ணைப் பெற்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார்.

ஆனால் குந்தவை விடுகிற ஆளா? டீச்சரிடம் தகடுகளை மறுபடி வாங்கி வந்தாள். பம்புசெட் குழாயில் ஓட்டை அடைக்க அப்பா வைத்திருந்த எம்சீல் பசையை எடுத்தாள். இரண்டு கட்டியையும் ஒன்றாகப் பிசைந்து கூட்டை அடைத்தாள். மேலேயும் கொஞ்சம் அப்பினாள். இரண்டு தகடுகளையும் சேர்த்துக் கட்டி, ஈரக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு அரித்தது. சொறியவில்லை. கையை எடுத்தபோது, அவளுடைய ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன. காலையில் அது கல்லாக இறுகிவிட்டது.

வியாழக்கிழமை குந்தவை எண்பத்தாறு எடுத்தாள். யாரோ கையைப் பிடித்துக்கொண்டு சுட வைத்தது போல் இருந்தது அவளுக்கு. டீச்சர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அடுத்து செம்மொழி பிடித்தாள். அவளுடையது சின்னக் கை. குந்தவையின் விரல் பதிந்த பள்ளங்களுக்கு நடுவே இருந்த மேடுகளில் அவள் விரல்கள் ஏறி நின்றன. ஆள்காட்டி விரல் விசைக்கு எட்டவில்லை. ஐம்பத்தொன்பது.

செம்மொழி பிஸ்டலை மேசையில் வைத்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்.

"சனிக்கிழமை நீ மட்டும் போய்ட்டு வாடி. அம்மாவுக்கு அறுப்பு வேலை இருக்கு. நான் வீட்டைப் பாத்துக்கணும்."

அறுப்பு வேலை நிஜம்தான். அதற்காகத்தான் வரவில்லை என்பது பொய் என்று இருவருக்கும் தெரியும். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று குந்தவைக்குத் தோன்றியது. எண்பத்தாறு எடுத்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

அன்று மாலை செம்மொழியைச் சமாதானப்படுத்த அவள் வீட்டுக்குக் கிளம்பினாள் குந்தவை. வழியில் வயலில் செம்மொழியின் அம்மா அம்சம் நின்றார். மழையில் குறுவைப் பயிர் சாய்ந்து கிடந்தது. சேற்றில் மெஷின் இறங்காது என்பதால் பெண்கள் கையாலேயே அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூட அறுத்துக்கொண்டிருந்த பூவம்மாளின் அரிவாள் முனை உடைந்துவிட்டதாம். அவரிடம் தன் அரிவாளைக் கொடுக்கப் போன அம்சம், கொடுப்பதற்கு முன் பிடியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். பூவம்மாள் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டு அறுக்கக் குனிந்தார்.

"ஏன் அத்தை, துணியோடயே குடுத்திருக்கலாமே?" என்று கேட்டாள் குந்தவை.

"என் கைக்குச் சுத்துனது அவ கைக்கு எப்படிம்மா ஒக்கும்? அருவா யாருதா இருந்தா என்ன, துணி அவங்கவங்களுது" என்றார் அம்சம்.

குந்தவை வரப்பிலேயே நின்றுவிட்டாள். பிறகு, செம்மொழி வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கே திரும்பி ஓடினாள். டீச்சர் கிளம்பிக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கூத்தாடித் தகடுகளை மறுபடி வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் உப்புத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு தகடுகளைப் பார்த்தாள். அந்தப் பள்ளங்களை அழிக்க மனசே வரவில்லை. எண்பத்தாறு. எட்டுப் பேரில் நிச்சயம் ஒருத்தியாக வந்துவிடலாம். யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை, செம்மொழிகூடச் சொல்ல மாட்டாள். அது நினைவுக்கு வந்ததும் குந்தவைக்குக் கண் கலங்கியது.

தேய்க்கத் தொடங்கினாள். விரல் மேடெல்லாம் கரைந்து, பிடி ஒல்லியாகி, சொரசொரப்பாகும் வரை தேய்த்தாள். மூக்கு, புருவம் எல்லாம் சாம்பல் நிறத் தூள்.

வெள்ளிக்கிழமை அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த இரண்டு நாடாக்களோடு பள்ளிக்குப் போனாள். வரவே மாட்டேன் என்ற செம்மொழியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"பள்ளத்தை என்னடி பண்ண?" என்று கேட்டாள் செம்மொழி.

"தேச்சுட்டேன். பேசாம கையை நீட்டு."

சின்னக் கைக்கு மூன்று சுற்று போதும் என்று தெரிந்தது. குந்தவையின் அகலமான கைக்கு ஆறு சுற்று, உள்ளங்கைப் பக்கம் ஒரு மடிப்பு. துணி வியர்வையை உறிஞ்சிக்கொண்டது, பிடி வழுக்கவில்லை. விதிமுறையில் இதற்குத் தடை ஏதும் இல்லை என்று டீச்சரும் போன் போட்டுக் கேட்டு உறுதிசெய்தார். அன்று குந்தவை எண்பது, செம்மொழி எழுபத்தொன்பது. எண்பத்தாறு போய்விட்டதே என்று குந்தவைக்கு வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் அது பொய்.

சனிக்கிழமை தஞ்சாவூரில் குந்தவை முதலில் சுட்டாள். எண்பத்து மூன்று. முடித்த கையோடு தன் நாடாவை அவிழ்த்தாள். செம்மொழியோ பயத்தில் தன் நாடாவை இரண்டு முறை கீழே போட்டுவிட்டாள். அவளால் அதைச் சுற்றவே முடியவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

குந்தவை சுற்றிவிடலாமா என்று டீச்சர் கேட்டதும் நடுவர் தலையசைத்தார். குந்தவை நாடாவை வாங்கி மூன்று சுற்று சுற்றினாள். சுண்டுவிரல் வருகிற இடத்தில் மட்டும் இழுத்து இறுக்கினாள். அந்தக் கையை அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

செம்மொழி எண்பத்து நான்கு எடுத்தாள்.

பட்டியல் ஒட்டினார்கள். ஏழாவது செம்மொழி, எட்டாவது குந்தவை. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம். குந்தவைக்கு வயிறு கொஞ்சம் எரிந்தது, மனசு நிறையக் குளிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் தூங்கிவிட்டார். குந்தவை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.

"சென்னையில உன் துணியை நீயே சுத்திக்க. நான் சுத்திவிட்டாத்தானே நீ ஜெயிக்கிற."

"சரி, நானே சுத்திக்கிறேன்" என்றாள் செம்மொழி. "ஆனா சுத்தி முடிக்கிற வரைக்கும் முனையை யாராவது பிடிச்சுக்கணுமே?"

குந்தவை ஜன்னல் பக்கம் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"பிடிச்சுக்கிறேன்" என்றாள்.