படிக்காதது ஒன்று

எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்த பிறகும், திரையின் ஓரத்தில் ஒன்று என்ற எண் மட்டும் போகாமல் நின்றது.

அவனுக்கு அலுப்பாக வந்தது. மருந்து நிறுவனம் ஒன்றுக்காக இணையதளங்களை மேய்ந்து செய்தி திரட்டித் தருவது அவன் பிழைப்பு. ஒவ்வொரு தளமாகப் போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அதன் ஃபீடைச் சேர்த்துவிட்டால் புதிதாக எழுதியதெல்லாம் தானாக ஒரே பக்கத்தில் வந்து விழும். தனக்குப் பிடித்த கடிகாரத் தளம், பறவைத் தளம் என்று சிலதையும் அதிலேயே செருகியிருந்தான். ஓயாமல் வந்து விழுந்ததில் கண் பூத்துப்போய், மணிக்கு ஒருமுறை திரட்டினால் போதும் என்று போன வாரம்தான் மாற்றி வைத்தான்.

அந்த ஒன்றைத் திறந்தான். பெயரில்லாத ஃபீட். எப்போது சேர்த்தோம் என்று நினைவில்லை. உள்ளே ஒரே வரி: ‘வாசல் கேட்டின் கொக்கி தளர்ந்திருக்கிறது.’

வீடு பழுதுபார்ப்பவர்கள் யாராவது எழுதுவதாக இருக்கும். நீக்கக்கூடச் சோம்பலாக இருந்தது.

மழை இருட்டு சாயங்காலத்தையே விழுங்கியிருந்தது. நடையில் குறுக்கே கட்டிய கொடியில் காயாத துணிகளின் முடை நாற்றம், அதோடு கலந்து உள்ளறையிலிருந்து இருமல் மருந்தின் இனிப்பு வாடை, எங்கேயோ சொட்டும் குழாய். மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். தூங்கினால் எழுப்ப வேண்டாம், தண்ணீர் மட்டும் அவ்வப்போது கொடு என்று மனைவி ஆபீஸிலிருந்து போன் செய்திருந்தாள்.

"அப்பா, தண்ணி."

"இதோ வரேன், குட்டிம்மா."

கொடித் துணிகளை விலக்கிக்கொண்டு போனான். ஒருக்களித்த கதவின் இடுக்கு வழியே ஒரு கை நீண்டு டம்ளரை வாங்கிக்கொண்டது. விளக்கைப் போட வேண்டாம், கண் கூசுகிறது என்றாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவனுக்கு உயிர் வந்தது.

நாற்காலியில் வந்து விழுந்தான். திரையில் எண் மூன்றாகியிருந்தது.

‘செருப்பைக் கழற்றியாயிற்று.’

‘துணிகளுக்கு நடுவே நின்றால் யாரும் பார்ப்பதில்லை.’

‘குழந்தையின் குரல் கிடைத்துவிட்டது. அடுத்து அப்பாவுடையது.’

மூன்றும் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் எழுதிய நேரம் பக்கத்திலேயே இருந்தது. அவன் தண்ணீர் கொடுப்பதற்கு வெகு முன்பு.

எழுந்தான். நடையில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. காற்றே இல்லை. குனிந்துகொண்டு அடியில் புகுந்து ஓடினான். கதவு. சுவர். சுவிட்ச்.

கட்டிலின் மூலையில், சுவரோடு ஒட்டிக்கொண்டு மகள். வாயை முழுசாகத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. எவ்வளவு நேரமாகவோ. வாரி எடுத்தான். உடம்பு அனலாகக் கொதித்தது.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. மறுபடி முயன்றான். வெறும் மூச்சு.

விளக்கு அணைந்தது.

"அழாதே, குட்டிம்மா." வாசலருகே அவனுடைய குரல், அதே அலுப்பு, அதே வாஞ்சை. "அப்பா வந்துட்டேன். வா."

இருட்டில், தன்னை இறுக்கிப் பிடித்திருக்கும் குரலில்லாத உருவத்திடமிருந்து திமிறிக்கொண்டு, குழந்தை அந்தக் குரலை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.